ஜூலிக்குக் கட்டிய காப்பு

தம்பி,

நீ போனைப் பட்டென்று வைத்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வருகின்றன, போகின்றன. இங்கே போன் அடிப்பதில்லை. நானாகச் சிங்கப்பூருக்குப் போட்டால் உன்னோடு தங்கியிருக்கும் பையன் எடுத்து, "அவரு குளிக்கிறாரு ஆண்ட்டி" என்கிறான். எந்நேரமும் குளித்துக்கொண்டிருந்தால் தோல் உரிந்துவிடாதா? சரி, காதால் கேட்க மாட்டாய் என்றால் கண்ணால் படி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். கிழித்துப் போட்டுவிடாதே. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூலியை ஊசி போட்டுக் கொன்றது நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று நினைக்கிறாய். போனில் உன்னிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். அது பொய். உன் அப்பாவும் நானும் சேர்ந்துதான் போனோம். அவர் மடியில்தான் அவள் உயிர் போனது. பொய் சொல்லச் சொன்னவர் அவர், சொன்னவள் நான். ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் நல்ல பேர் வாங்குவதற்காக எழுதவில்லை. உன் அப்பா சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

லூபோக் சீனா தோட்டத்தில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டு நாய் குட்டி போட்டபோது நீ இடைநிலைப்பள்ளியில் பாரம் மூன்று படித்துக்கொண்டிருந்தாய். ஒரு குட்டியைப் பள்ளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றாய், சட்டையெல்லாம் மூத்திரம். நான் விளக்குமாற்றை எடுத்தேன். உன் அப்பாதான், "இருந்துட்டுப் போவட்டும் விடு, பொட்டக் குட்டி, வூட்டுக்கு லெட்சுமி" என்றார். தோட்டத்தை விற்று ரப்பர் மரங்களைச் சாய்த்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது எத்தனை பேர் நாய்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்! லோரிக்குப் பின்னால் அவை ஓடி வந்ததை நீயும் பார்த்தாய். உன் அப்பா ஜூலியை மெத்தை மேல் ஏற்றி, கயிற்றின் ஒரு முனையை அவள் கழுத்திலும் மறு முனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட் வரை வந்தார். நெருக்கிக் கட்டிய இந்தத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு நீ சிங்கப்பூர் போய்விட்டாய். எங்களுக்குப் பேசுவதற்கு அவள்தான் இருந்தாள்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா ஹொண்டா மோட்டாரில் காலுக்கு நடுவே பலகை போட்டு அவளை நிற்க வைத்துக்கொண்டு தங்கா பத்து கடலோரத்துக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கி வருவார். நான் பின்கட்டில் உட்கார்ந்து மீன் அரிய ஆரம்பித்தால் அவள் வால் சுவரில் படார் படாரென்று அடிக்கும். பொரித்த தலையை ஊதி ஊதி ஆற வைத்துக் கையில் கொடுத்தால்தான் வாங்குவாள். தரையில் போட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பெரிய மகாராணி!

போன வருஷக் கடைசியில் அவள் மடியில் ஒரு கட்டி வந்தது. வயசான பொட்டை நாய், பால்கட்டியாக இருக்கும் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து, உடைந்து, நீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் மலாக்கா டவுனில் இருக்கும் நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். சீனப் பெண், சின்ன வயசு, எங்களோடு மலாயில்தான் பேசினாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள்ளேயும் பரவிவிட்டது, அறுத்தால் தாங்க மாட்டாள் என்றாள். வலிக்கு மாத்திரை தருகிறேன், அது இருக்கும்வரை கொஞ்ச நாள் நன்றாக இருப்பாள், அப்புறம் ஒரு நாள் வரும், அன்றைக்குக் கொண்டு வாருங்கள் என்றாள். அந்த நாள் எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே ஆண்ட்டி? அதுவே வேணாம்னு அவ சொல்லுவா. அப்ப வாங்க" என்றாள். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிறு நீ போன் செய்தாய். விஷயத்தைச் சொன்னதும் அழுதாய். "எப்படியாச்சும் காப்பாத்துங்கப்பா. ஆவணியில என் கல்யாணத்துக்கு ஜூலி இருக்கணும்பா" என்றாய். நீ ஆசையாகச் சொன்னாய், உன் மேல் குற்றம் இல்லை. ஆனால் உன் அப்பாவை உனக்குத் தெரியாதா? தோட்டம் போன பிறகும் தோட்டத்து மாரியம்மன் கோயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர். சித்திரைத் திருவிழாவுக்கு எங்கெங்கோ சிதறிப் போனவர்களையெல்லாம் கூட்டி வருகிற தலைவர். நீ போனை வைத்த கையோடு குளித்து, வேட்டி மாற்றி, லூபோக் சீனாவுக்குப் போனார். ஜூலி பிழைத்துக்கொண்டால் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, கையில் காப்பும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இன்னொரு மஞ்சள் கயிற்றையும் கொண்டுவந்திருந்தார். அதை அவள் கழுத்தில் கட்டினார். பூசாரிகூடச் சிரித்தாராம், நாய்க்கா காப்பு என்று. "அவளுக்குத்தானே நேர்ந்திருக்கேன், அவளும் சுத்தமா இருக்கணும்ல" என்றாராம் இவர்.

காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை என்னென்ன கூடாது என்று நீ வளர்ந்த வீட்டில் யாரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவிச்சி கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது, கொல்லச் சொல்லவும் கூடாது. நான் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நாங்கள் பருப்பும் மோரும் சாப்பிட்டோம். ஜூலிக்குப் பால் சோறு. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த வலி மாத்திரை கசப்பு. மீனுக்குள் அமுக்கிக் கொடுத்தால்தான் விழுங்குவாள். மீன் நின்றதும் மாத்திரையும் நின்றது. உன் அப்பா அதைப் பொடி பண்ணிப் பால் சோற்றில் கலந்தார், வாழைப்பழத்தில் வைத்தார், தேனில் குழைத்து நாக்கில் தடவினார். எல்லாவற்றையும் துப்பினாள். அவளைக் காப்பாற்ற நாங்கள் விரதம் தொடங்கிய நாளிலிருந்துதான் அவளுக்கு வலி முழுசாக வந்தது. அது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவில்லை. "கவிச்சி இல்லாம அடம் புடிக்கிறா, பழகிடுவா" என்றார் அவர். நானும் ஆமாம் போட்டேன்.

அவள் எப்படிக் கிடந்தாள் என்று சொன்னால்தான் உனக்குத் தெரியும். பின்னங்கால் இரண்டும் எழும்பவில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம். குட்டியிலிருந்து வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாதவள், ஈரம் பட்டதும் அதைப் பார்க்காதபடி தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கட்டி உடைந்த இடத்தில் ஒரு நாள் புழு நெளிந்தது. உன் அப்பா வேலைக்குப் போகிற யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்தார். வாடை சந்துவரை போனது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், நாயைத் தொடாதவர். அவரே வேலிப் பக்கம் வந்து நின்று, "கெசியான்லா காக்காக், கெசியான்", பாவம் அக்கா பாவம் என்று கண்ணைத் துடைத்தார். வேற்று வீட்டுக்காரிக்கே பாவமாக இருந்தது. எங்களுக்குத் தோன்றாமல் போகவில்லை, ஆனால் நாங்கள் அவள் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைப் பார்த்தால் வாலை மட்டும் ஆட்டுவாள். "பாத்தியா, வாலாட்டுறா. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்பார் உன் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருந்தால் உனக்கும் மறுத்துப் பேச மனசு வந்திருக்காது.

எனக்குப் பொறுக்க முடியாத ஒரு நாள் வந்தது. அன்றைக்குத்தான் உன்னிடம் போனில், "தம்பி, போதும்டா, டாக்டர்ட்ட கொண்டு போயிடலாம்டா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "மா, அப்பா காப்புக் கட்டிருக்காரு. கொல்லச் சொல்றியா? உனக்கு எப்பவுமே அவ மேல ஆச இல்லலா." நான் விளக்குமாற்றை எடுத்த கதையை இத்தனை வருஷம் கழித்து எனக்கே திருப்பிச் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. போனை அவரிடம் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் திருவிழாவைப் பற்றிப் பேசினீர்கள். நான் பின்கட்டுக்குப் போய் அவள் துணியை மாற்றினேன். துணி மாற்றும்போது அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாய் பல்லைக் கடித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு நான் முச்சந்திக் கடைக்குப் போய் ஒரு பொரித்த கெம்போங் வாங்கினேன். காப்புக் கட்டிய வீட்டுக்குள் மீனைக் கொண்டுவந்தேன் தம்பி. மடியில் மறைத்து, திருடிபோலக் கொண்டுவந்தேன். பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைப் பிய்த்து, ஊதி ஆற வைத்து, கையில் வைத்து நீட்டினேன். என் மனசில் என்ன இருந்தது தெரியுமா? அவள் லபக்கென்று வாங்கிவிட வேண்டும். அப்படி வாங்கிவிட்டால் இது வெறும் விரதப் பட்டினிதான், மாத்திரையும் உள்ளே போகும், இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள், உன் அப்பா ஜெயித்துவிடுவார், நான் தோற்றுவிடுவேன். தோற்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அவள் மோந்து பார்த்தாள். என் மனசு நோகக் கூடாது என்பதுபோல நாக்கை நீட்டி ஒரே ஒரு தடவை நக்கினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வால் மட்டும் ஆடியது.

உன் அப்பா சாயங்காலம் வந்தபோது நான் அந்த மீனை ஒளிக்கவில்லை. தட்டில் அப்படியே வைத்திருந்தேன். "என்னடி இது, காப்புக் கட்டுன வூட்ல?" என்று கத்தினார். எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கெம்போங் தலங்க. வேணாங்குறா. நீங்களே குடுத்துப் பாருங்க" என்றேன். கொடுக்க மாட்டேன் என்றார். கவிச்சியைத் தொட மாட்டேன் என்றார். "அப்ப பாக்க மட்டும் செய்யுங்க" என்று நானே மறுபடியும் நீட்டினேன். அவள் திருப்பிக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "காப்பு இருக்கே புள்ள" என்றார். "எதுக்குக் கட்டுனீங்க? அவளுக்கு நல்லது நடக்கணும்னுதானே கட்டுனீங்க? இப்ப அவளுக்கு நல்லது எதுன்னு அவளே சொல்லிட்டா. ஆத்தாவுக்குப் புரியாதா? பெத்தவதானே அவளும்" என்றேன். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ தெரியவில்லை. சாமி விஷயத்தில் அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு வந்து, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து, தீட்டி, சாமி படத்துக்கு முன்னால் நின்று தன் கைக் காப்பை அறுத்தார். பிறகு பின்கட்டுக்கு வந்து அவள் கழுத்துக் கயிற்றை அறுத்தார். கழுத்தில் அது பதிந்து மஞ்சளாக ஒரு கோடு இருந்தது. பிறகு அந்தக் கையாலேயே மீனைத் தொட்டு, அவள் வாயருகே கொண்டுபோய், "ஜூலிம்மா, அப்பா குடுக்கறேன்டா, சாப்புடு" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஸ்கூல் வேன் ஓட்டும் எதிர் வீட்டு அண்ணன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். அந்தச் சீன டாக்டர் கட்டியைப் பார்த்தாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டாள். உன் அப்பா உண்மையைச் சொன்னார். விரதம், பால் சோறு, எல்லாம். அவளுக்கு என்ன புரிந்ததோ, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ஆனா வாலாட்டிக்கிட்டே இருந்தாளே டாக்டர்" என்று இவர் தடுமாறி மலாயில் சொன்னார். அதற்கு அவள், "அது உங்களப் பாத்த சந்தோஷம் அங்கிள். வலி இல்லன்னு அர்த்தமில்ல" என்றாள். அவர் ஜூலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி போகும்போதும் வால் அசைந்தது. பிறகு அசையவில்லை. உன் அப்பா அழுதது எப்படி என்று நான் எழுத மாட்டேன்.

தாமான் வீட்டில் புதைக்க ஏது இடம்? அவளை லூபோக் சீனாவுக்குக் கொண்டுபோய், நம் பழைய லயம் இருந்த இடத்துக்குப் பின்னால், இன்னும் சாய்க்காமல் விட்டிருக்கும் நாலைந்து பால்மரத்தடியில் புதைத்தோம். அங்கிருந்து கோயில் கோபுரம் தெரியும். உன் அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் மண் தள்ளினார். திருவிழா அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். அவர் இல்லாமல் நடந்த முதல் திருவிழா. புதைத்துவிட்டு வந்த அன்றே, ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாயே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பண்ணுனதா சொல்லிடு புள்ள. நான் காப்ப அறுத்தது அவனுக்குத் தெரிய வேணாம். கல்யாணத்த வெச்சுக்கிட்டு, பயந்துருவான்" என்றார். உன் பயத்துக்காகத்தான் என்று முதலில் நானும் நம்பினேன். பயம் அவருடையது. காப்பை அறுத்த பாவம் உன் கல்யாணத்தில் வந்து விழும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது கையால் வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொல்லி, தூரத்தில் நின்று படித்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ ஒரு குடும்பத்தை நடத்தப் போகிறவன். வாய் பேச முடியாத ஒரு உயிர் உன் கையில் வந்து சேரும். நாயாக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், ஒரு காலத்தில் நாங்களாகவும் இருக்கலாம். அப்போது உன் ஆசையைப் பார்க்காதே, உன் பயத்தைப் பார்க்காதே, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே. அந்த உயிரைப் பார். கிட்டே உட்கார்ந்து பார். நான் படுத்துக் கிடந்தால் உன்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வேன், பெற்றவள் வேறென்ன செய்வாள்? அந்தச் சிரிப்பை நம்பி எனக்காக எந்த விரதமும் எடுத்துவிடாதே. என் போர்வையைத் தூக்கிப் பார்.

உன் அப்பாவுக்கு நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சு அவருக்கு ஏறவில்லை, நான் அந்தக் காரியத்தில் பாதி ஆள். நீதான் சொல்ல வேண்டும். போனில் சொல்லாதே, நேரில் வா. காப்பு இருந்த மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கையைப் பிடித்து, "நீங்க செஞ்சது சரிதான்பா" என்று ஒரு வார்த்தை சொல். என்னோடு சண்டை போட வேண்டுமானால் அதற்கப்புறம் போட்டுக்கொள். வாய்க்கு வாய் பேச எனக்குப் பழக்கம்தான்.

வருகிறபோது தங்கா பத்து வழியாக வந்து கெம்போங் மீன் வாங்கி வா. திருவிழா முடிந்து இத்தனை நாளாகியும் இந்த வீட்டில் மீன் சட்டி கவிழ்த்தபடியே இருக்கிறது. வேணாம் என்கிறார். சோற்றைப் பிசைகிறார், ஒரு வாய் வைக்கிறார், நான் பார்த்தால் மட்டும் சிரிக்கிறார். நான் பொரித்துத் தருகிறேன், நீ உன் கையால் கொடு. அவர் வாங்கிக்கொள்கிறாரா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா